முப்பத்தெட்டுக்குப் பூந்தி

வாத்தியார் வேலையைப் புகழ்ந்து மேடையில் பேசுகிறவர்கள் யாரும் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அறிவு, தியாகம், விளக்கு, ஒளி என்று என்னென்னவோ சொல்வார்கள். நான் அந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தொண்டை ஒன்றுதான். குருசுக்குப்பத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தவை ஒரு மணல்மேடும் காயப்போட்ட வலைகளும் மட்டுமே. ஒரு பக்கம் அலைச் சத்தம். மறுபக்கம் அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு. இது போதாதென்று, மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் தாய்மார்கள் ஜன்னல் வழியாகத் தங்கள் பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போவார்கள்.

"ஏய், தம்பி அழுவுறான் பாரு! மணி அடிச்சதும் நேரா ஊட்டுக்குப் போ! எங்கியும் நிக்காத!"

அலையை எதிர்த்துக் கத்தலாம். அந்த அம்மாக்களை எதிர்த்துக் கத்த முடியாது. அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நான் சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நிற்பேன். அவர்களும் போகிறபோது, "நீ நடத்தும்மா" என்று எனக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. வீடு டவுனுக்குள், மாதா கோயில் பக்கம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பிரவே பரீட்சை தேறியிருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண் அதைத் தேறிவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா என்னையும் ஏதாவது ஒரு ஆபீசில் உட்கார வைக்க ஆசைப்பட்டார். எனக்கு உட்கார்ந்தே இருக்கிற வேலை ஒத்துவராது. நிற்கிற வேலையாகப் பார்த்துக் கேட்டேன். கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை நான் சரியாக உட்காரவே இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஊரில் எல்லாமே பாதி மாறியும் பாதி மாறாமலும் கிடந்தது. காலையில் எங்கள் வீட்டுக்கு நீள ரொட்டி வருவது நிற்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் "மதாம்" என்று கூப்பிட்ட பிள்ளைகள் இனி "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டில் எதையும் விட மனமில்லாமல் சில பிள்ளைகள் "மதாம் டீச்சர்" என்றார்கள். பாடம் தமிழில். புத்தகமும் தமிழில். நான் கணக்குப் படித்ததோ பிரெஞ்சில்.

இதில் இருந்த கஷ்டம் வெளியாருக்குப் புரியாது. பிரெஞ்சில் எழுபத்தேழை அறுபதும் பதினேழும் என்பார்கள். தொண்ணூற்றேழை நாலு இருபதும் பதினேழும் என்பார்கள். எனக்கு எண்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் தலைக்குள் ஏறியிருந்தன. ஒரு பிள்ளை எழுந்து, "பதிமூணு ஏழு எவ்ளோ டீச்சர்?" என்று கேட்டால், நான் அதைப் பிரெஞ்சுக்கு அனுப்பி, அங்கே விடை கண்டுபிடித்து, மறுபடியும் தமிழுக்குக் கூட்டிவர வேண்டும். அதற்குள் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். எனவே ஊருக்குப் பாடம் சொல்லும் டீச்சராகிய நான், வீட்டில் அம்மியின் முன்னால் உட்கார்ந்து தமிழில் வாய்ப்பாடு உருப்போட்டேன். அம்மா மூலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஏழாம் வாய்ப்பாட்டை உருட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அம்மா ஜெபத்தின் நடுவே, "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் என்னைத் திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இப்படிப் புத்தகம் மாறி, பேச்சு மாறி, கடைசியாக ஒரு வருஷம் மார்க்கும் மாறியது. நான் சொல்ல வந்த கதை அதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு வழக்கத்தில் மார்க் எதற்கும் இருபதுக்குத்தான். பத்து வாங்கினால் தேறலாம். பதினைந்து வாங்கினால் பெரிய கெட்டிக்காரி. இருபது வாங்கியவரை நான் பார்த்ததில்லை. எங்கள் தலைமை ஆசிரியை கவுன் போடுகிற, பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுகிற, உயரமான அம்மாள். இனி நூற்றுக்கு மார்க் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இருபதுக்குள்ள அடங்காத அறிவு என்ன அறிவு? இதுங்க நூறு வரைக்கும் எண்ணினாலே போதும். நூறு வாங்க வேணாம்" என்றார். உத்தரவு உத்தரவுதானே, போட்டோம்.

மாறாத வழக்கம் ஒன்று இருந்தது. வருஷக் கடைசியில் பள்ளி முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மார்க்கையும் சத்தமாக வாசிப்போம். நன்றாகப் படித்தவர்களுக்கு ரிப்பன் கட்டிய புத்தகம். மற்றவர்களுக்கு ஊர் முன்னால் மானக்கேடு. குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த வாசிப்பைத் தவற விடமாட்டார்கள். யார் பிள்ளை பன்னிரண்டு, யார் பிள்ளை எட்டு என்பதெல்லாம் வருஷம் முழுக்கக் கரையில் பேச்சாக இருக்கும்.

என்னுடைய நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேர் வேண்டாம், வாயாடி என்று சொன்னால் போதும். அவளே கேட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டாள். கதை சொல்வாள், எல்லோரையும் போல நடித்துக் காட்டுவாள், என்னைப் போல நடித்து என்னிடமே மாட்டிக்கொள்வாள். பாட்டுப் பாடமா, வாசிப்பா, கேட்கவே வேண்டாம். கணக்கு மட்டும் ஆகாது; மற்றப் பாடங்களின் மார்க்கில்தான் வகுப்பு ஏறிவந்தாள். வகுத்தல் கணக்கு போட்டால் பேசாமல் ஒரு சைபரை எழுதிவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோம்பேறித்தனம் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்கப் பெரிய வாய்க்காலைத் தாண்டி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அங்கே மேடை இருக்கிறது, நாடகம் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவள் அப்பாவுக்குச் சொந்தக் கட்டுமரம் இருந்தது. கரையில் அவர் குரலுக்கு மதிப்பு உண்டு. மானஸ்தர். அந்த வருஷ நடுவில் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, ரெண்டு வருசமா எம் பொண்ணு கணக்குல ஆறு, ஏழுன்னு வாங்குறா. பந்தல்ல தலையத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்திருக்கேன். இந்த வருசம் பாக்குறேன். மறுபடியும் அதே ஏழுன்னா நிறுத்திடுவேன். அவுங்க அம்மாவுக்கும் கருவாடு காய வெக்க ஆளு வேணும்."

"நான் பார்த்துக்கறேன், நிறுத்தாதீங்க" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. தைரியமாகச் சொல்லிவைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

அவளை மிரட்டினேன், கெஞ்சினேன், கணக்குப் போட்டால் நாடகத்தில் ராணி வேஷம் என்று ஆசை காட்டினேன். சைபர் சைபராகவே இருந்தது. வருஷப் பரீட்சை வந்தது. கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. முப்பத்தைந்து வாங்கினால் தேறலாம் என்பது புதுச் சட்டம், அதனால் ஒட்டிக்கொண்டு தேறிவிட்டாள். ஆனால் பழைய கணக்குக்கு அது என்ன? அதே ஏழு, கொஞ்சம் மேலே. அவள் அப்பாவின் முகத்தை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தல் நாள் வந்தது. அவர் வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேர்கள் அகர வரிசையில் வாசிக்கப்படும். அவள் பேர் அகரத்தில் தொடங்குவதால் எப்போதும் அவள்தான் முதல். நான் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் நின்று, பரிசுப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பந்தல் கீற்றைப் பார்த்தேன். தலைமை ஆசிரியை, காலம் காலமாக வாசித்த பழக்கத்தில், இத்தனைக்கு இவ்வளவு என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் வாசித்தார்.

"கணக்கு, முப்பத்தெட்டு."

அவள் அப்பா எழுந்தார்.

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு" என்றார் தலைமை ஆசிரியை.

"இருபதத் தாண்டிட்டாளா!" என்று அவர் போட்ட கூச்சலில் பந்தல் காக்காய்கள் எல்லாம் பறந்தன. "டேய், கேட்டுக்கினீங்களா? போன வருசம் ஏழுடா! இந்த வருசம் முப்பத்தெட்டு!" கை தட்டினார். கரையே கை தட்டியது. பின்வரிசையில் யாரோ சீட்டி அடித்தார்கள். மற்றவர்கள் மார்க்கைக் கேட்க அவர் நிற்கவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, முத்தியால்பேட்டை மிட்டாய்க்கடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

எனக்கும் தலைமை ஆசிரியைக்கும் அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமும் இருபதுக்கு மேல் ஒரு மார்க் இருக்கும் என்றே இந்த முற்றம் கேள்விப்பட்டதில்லை. நூறு என்ற சங்கதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம், பெற்றோர்களுக்குச் சொல்லவில்லை. "மோன் தியே, என் கடவுளே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார் அந்த அம்மாள். "இப்ப நான் என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டார். "வாசிங்க" என்றேன். வாசித்தார். நாற்பத்தைந்து, அறுபது, இருபத்தாறு. இருபத்தாறு வாங்கியவனின் அம்மா எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷமான பரிசளிப்பை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் இருபதைத் தாண்டிவிட்டார்கள்!

கூட்டம் கலைவதற்குள் அவர் திரும்பி வந்தார். இரண்டு கூடை பூந்தி. வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததுபோக மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்க. பாத்துக்கினீங்க. டவுன் பள்ளிக்கூடம் வரைக்கும் படிக்க வெக்கறேன் டீச்சரம்மா. கரையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

வாயைத் திறந்தேன். என்ன சொல்லுவது? அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு யாரால் நூறைப் பற்றிப் பேச முடியும்? பூந்தியை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருக்கும்போது பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியையிடம் பிறகு கேட்டேன், சொல்லிவிடலாமா என்று. அவர் பூந்தியைக் கொறித்துக்கொண்டே யோசித்தார். "அவர் கணக்கைத் தப்பாப் போட்டிருந்தா திருத்தலாம். சந்தோஷத்தைத் தப்பாப் போட்டுட்டார். அதைத் திருத்த நமக்குச் சம்பளம் இல்ல" என்றார். நூறு மார்க்கை அவ்வளவு வைது தீர்த்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினேன். தண்ணீர்க் குழாயடியில் வாயாடி காத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, நடிப்பும் இல்லை.

"டீச்சர், அது நூத்துக்குத்தானே?"

"ஆமாம்."

"அப்ப இருபதுக்கு எவ்ளோ?"

"நீயே வகுத்துப் பார்."

"வகுக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு முப்பத்தெட்டு வாங்கறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா கரை பூரா சொல்லிட்டாரு டீச்சர். அடுத்த வருசம் அஞ்சாவதுல பெயிலாயிட்டா அவரு மானம் போயிடும். என்னையும் நிறுத்திடுவாரு. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனால் பூந்தியைத் தின்றாச்சு. அதற்கு வேலை செய்தாக வேண்டும். நீயும், நானும்."

எங்கள் பள்ளி சின்னது, வகுப்போடு டீச்சரும் மேலே ஏறிப் போவது வழக்கம். ஐந்தாம் வகுப்பிலும் அவள் என் கையில்தான். பள்ளி விட்ட பிறகு வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் நல்ல டீச்சர் என்ற என் எண்ணத்தை முழுசாகக் கரைத்துவிட்டது அந்த வராந்தா. ஒரு கணக்கை ஐந்து விதமாக விளக்குவேன். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்பாள். சைபரை எழுதுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் டஸ்டரைச் சுவரில் அடித்த அடியில் இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று ஆகி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, அன்றைய பாடம் அத்தோடு போயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு சாயங்காலம், எனக்குக் கத்தத் தெம்பில்லை. தொண்டை கட்டியிருந்தது. எனவே விளக்குவதை விட்டுவிட்டு, "நீ பேசு. மனசுக்குள்ள என்ன நினைக்கிறியோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு" என்றேன். கரும்பலகையில் நூற்றுநாற்பத்துநாலை ஆறால் வகுக்கும் கணக்கு. புதுப் புத்தகத்தில் உள்ளபடி ஆறை இடது பக்கம் எழுதி, வளைவு போட்டு, வலது பக்கம் நூற்றுநாற்பத்துநாலை எழுதியிருந்தேன்.

அவள் இடது பக்கம் விரலை வைத்தாள். "ஆறு இருக்குது. அத நூத்தி நாப்பத்தி நாலு பேருக்குப் பங்கு போடணும். ஒருத்தருக்கும் வராது. சைபர்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பிரெஞ்சு வழியில் பங்குபோட வேண்டிய எண்ணைத்தான் இடது பக்கம் எழுதுவார்கள். பங்கு கேட்கிற எண் வலது பக்கம். புதுப் புத்தகத்தில் இது நேர்மாறு. இவள் இரண்டாம் வகுப்பில் பழைய வாத்தியாரிடம் பழைய வழியில் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு புத்தகம் மாறியது, பலகை மாறியது. பக்கம் மாறிவிட்டது என்று யாரும் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். இவள் அகர வரிசையில் முதல் பெஞ்சின் முதல் இடம். பார்த்து எழுத முன்னால் கரும்பலகையைத் தவிர யாரும் கிடையாது.

சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு எழுந்து பலகைக்குப் போய், "அப்ப மீனு எந்தப் பக்கம், ஆளு எந்தப் பக்கம்?" என்றாள்.

"மீன் வலது பக்கம், வளைவுக்குள்ளே. ஆள் இடது பக்கம், வெளியே."

"மீனு உள்ள, ஆளு வெளிய" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். இருபத்துநாலு. இன்னொன்று கொடுத்தேன். வந்தது. இன்னொன்று. வந்தது. பெரிய கணக்காக ஒன்று. வழியில் கழித்தலில் தடுக்கி விழுந்து, எழுந்து, வந்து சேர்ந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது, போகமாட்டேன் என்கிறாள். "இன்னும் ஒண்ணு டீச்சர், ஒண்ணே ஒண்ணு." கடைசியில் நான்தான் பலகையைத் துடைத்துவிட்டு ஓடினேன். அன்றைக்குக் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்து போனபோது, கட்டின தொண்டையோடு பாடிக்கொண்டு போனேன். எதிரே வந்த கான்ஸ்டபிள் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். மேடைக்காரர்கள் சொல்கிற ஒளி, விளக்கு எல்லாம் அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வருஷம் போடாமல் விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னம் வந்தது, அதற்கு ஒரு மாதம் சண்டை. ஆனால் ஒரு நாளும் அவள் வராமல் இருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். குப்பத்தில் மீன் பாடு நன்றாக விழுகிற நாளில் வகுப்பில் ஈ, காக்காய் இருக்காது. பெரிய வலையைக் கரைக்கு இழுக்கப் பிள்ளைகள், கிழவர்கள் எல்லோரும் மணலுக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு நாள். கரையில் ஒரே ஆரவாரம், கூடை கூடையாக மீன். என் வகுப்பில் நானும் காலி பெஞ்சுகளும். அப்போது இவள் மட்டும் வந்து நின்றாள்.

"நீ போகலியா?"

"அப்பாதான் போகச் சொல்லிட்டாரு டீச்சர். இங்க ஆளு போதும், நீ போயி கணக்கப் போடுன்னாரு."

அந்த முப்பத்தெட்டு செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம், "எம் பொண்ணு எப்பிடிப் போடுறா?" என்று கேட்பார். "நல்லாப் போடுறா" என்பேன். ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு போவார். பெருமைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, பொரியும் கடலையும் வாங்கிக் கொடுத்து, அதே கேள்வியைக் கேட்டார். இந்த மனிதருக்கு ஒரு நாள் நூறைப் பற்றித் தெரிந்தால் என்ன ஆகும்?

அடுத்த வருஷப் பந்தல் நாளும் வந்தது. நான் தலைமை ஆசிரியையிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், இந்தத் தடவை நூற்றுக்கு என்று சேர்த்து வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் பூந்திக்கடைக்காரன்தான் பணக்காரன் ஆவான் என்று. அவரும், வாசிக்க எழுந்ததும் முதல் வேலையாக, இனி மார்க் எல்லாம் நூற்றுக்கு, இருபதுக்கு இல்லை என்று பெற்றோர்களுக்கு நிதானமாக விளக்கினார். பந்தலில் முணுமுணுப்பு ஓடியது. விரல் விட்டு எண்ணினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மா, மகன் காதைத் திருகினாள். நான் முன்வரிசையைப் பார்க்கத் தைரியமில்லாமல், மறுபடியும் கீற்றைப் பார்த்தேன்.

"கணக்கு, நூற்றுக்கு அறுபத்துநாலு."

எனக்கு மார்க் முன்னாலேயே தெரியும். வாயாடி மேடைப் பக்கம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டமும் அவரைப் பார்த்தது. போன வருஷம் அத்தனை கூச்சல் போட்டவர். அவர் எழவில்லை. கை தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் நானே அவரிடம் போனேன். எப்படியும் என்னைக் கேட்கத்தான் போகிறார், நானே போய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "போன வருஷமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அந்த முப்பத்தெட்டு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் டீச்சரம்மா" என்றார்.

"இப்பச் சொன்னாங்களே, அதைக் கேட்டா?"

"இல்ல. பூந்தி குடுத்த மறாநாளே தெரியும். எம் பொண்டாட்டி டவுன்ல மீனு குடுக்கப் போனாளா. ஒரு ஊட்டுல பையன வெயில்ல முட்டி போட வெச்சிருக்காங்க. ஏம்மான்னு கேட்டா, கணக்குல நாப்பதுதான் வாங்கியிருக்கான்னு சொன்னாங்களாம். வந்து சொன்னா. நாப்பதுக்கு முட்டி போடறான் ஒருத்தன். முப்பத்தெட்டுக்கு நான் ஊரு பூரா பூந்தி குடுத்து வெச்சிருக்கேன்!" சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் அவளை நிறுத்தல?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "நிறுத்தத்தான் நெனச்சேன். சாயங்காலம் ஊட்டுக்குப் போறேன், இது ஒக்காந்துக்கினு சிலேட்டுல கணக்கு எழுதுது. லீவு விட்டாச்சு, யாரும் சொல்லல. என்னப் பாத்ததும் மறைக்குது. சரி, இதுக்கு நூறப் பத்தித் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சி எழுதுதுன்னு புரிஞ்சிக்கினேன். தெரியாதவனாவே இருந்துட்டேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க."

முற்றத்தின் அந்தப் பக்கம் வாயாடி, கையில் ரிப்பன் கட்டிய புத்தகத்தோடு, எங்களையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அப்பாவும் மகளும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் பெரிய காரியமாக நினைத்துக் காத்த ரகசியம் அது.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அறுபத்துநாலு வாங்கியிருக்காளே. நிஜமான மார்க். இன்றைக்கு ஏன் கை தட்டல? பூந்தி எங்கே?"

அவர் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்த மார்க்குக்குத்தான் டீச்சரம்மா போன வருசமே குடுத்துட்டேன்."

அவர் மகளைக் கூப்பிட்டு, அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். டவுன் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போனால் வெயில் குறைவு என்று இருவரும் பேசிக்கொண்டே மணலில் நடந்து போனார்கள்.